ஜாஸ் வாசிக்க மின்கிட்டார் வாங்குகிறீர்களா? முதலில் கழுத்தைப் பிடித்துப் பாருங்கள்

ஜாஸ் குழுக்கள் காலங்காலமாக வாசித்துவரும் பாடல்களில் பல, 32 பார் நீளமுள்ளவை. பார் என்பது பெரும்பாலும் நான்கு தட்டு கொண்ட தாள அளவு. ஏறத்தாழ ஒவ்வொரு பாருக்கும் ஒரு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறும். சிலவற்றில் இரண்டு மாறும். சாக்ஸபோன் வாசிப்பவர் நான்கு சுற்று தனி ஆவர்த்தனம் செய்து முடிப்பதற்குள், பின்னால் துணை வாசிக்கும் கிட்டார் கலைஞரின் இடது கை நூறு கார்டுகளுக்கு மேல் பிடித்து விட்டிருக்கும். நடுவில் ஓய்வு கிடையாது. அந்தக் கை முழு நேரமும் தொட்டுக்கொண்டிருப்பது கிட்டாரின் கழுத்தை மட்டும்தான்.

ஆனால் புதிதாக வாங்க வருகிறவர்கள் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பகுதி) என்ன, மரம் என்ன, நிறம் என்ன என்றுதான் விசாரிக்கிறார்கள். ஒலியை ஆம்ப்ளிஃபயரிலும் தந்தியிலும் டோன் குமிழிலும் பெருமளவு திருத்திக்கொள்ளலாம். பிக்கப்பைக்கூடக் கழற்றி வேறொன்று பொருத்தலாம். கழுத்தின் நீளத்தையும் பருமனையும் வாங்கிய பிறகு மாற்ற வழியில்லை. அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகிறேன்: கையில் உறுத்துகிற விஷயங்களில் எதைப் பின்னால் சரிசெய்ய முடியும், எதை முடியாது?

என் முதல் மின்கிட்டாரின் கழுத்து மிக மெலிதாக இருந்தது. வேகமாக வாசிக்கலாம் என்று கடையில் சொன்னார்கள். ஒற்றைத் தந்தியில் சுரங்களை ஓட்டும்போது அது உண்மையாகவும் இருந்தது. நான்கு சுரக் கார்டுகளைப் பிடிக்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் பிடிமானமாக எதுவும் இல்லாததுபோல் இருந்தது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கை தானாகவே இறுக்கியது. இரண்டு மாதத்தில் கட்டைவிரலின் அடிச்சதை இரவில் வலிக்கத் தொடங்கியது. ஒருநாள் நண்பர் வீட்டில், உள்ளங்கையை நிறைக்கும் பழைய தடித்த கழுத்துள்ள கிட்டாரை ஒரு மணி நேரம் வாசித்தேன். வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்து மெலிந்தால் கைக்குச் சுகம் என்று அதுவரை நம்பியிருந்தேன். என் கைக்கு அது பொருந்தவில்லை. உங்கள் கைக்கு எது பொருந்தும் என்பதைப் பிடித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

உட்காரும் விதம்

எந்தக் கிட்டாரையும் குறை சொல்லுமுன் இதைச் சரிசெய்யுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். உட்கார்ந்திருந்தாலும் தோள்வாரைப் போட்டுக்கொள்ளுங்கள். கிட்டாரின் தலைப்பகுதி ஏறக்குறைய உங்கள் தோள் உயரத்துக்கு வரும்படி கழுத்தை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். இப்போது இடது மணிக்கட்டைப் பாருங்கள். முன்கையும் புறங்கையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மடியில் கிட்டாரைப் படுக்கவைத்து, விரல்களைப் பார்ப்பதற்காக முகப்பைத் தன் பக்கம் சாய்த்து வாசிப்பவர்களுக்கு மணிக்கட்டு கொக்கிபோல் வளைந்துவிடும். அந்த நிலையில் உலகின் மிகச் சிறந்த கழுத்தும் வலிக்கத்தான் செய்யும்.

உடலின் ஆழமும் இதில் சேரும். உள்ளே கூடாகவும் முகப்பு மேல்நோக்கி வளைந்தும் இருக்கும் ஆர்ச்டாப் கிட்டார்கள் பருமனானவை. கிப்சன் இ.எஸ்.-175 வகையில் பக்கவாட்டு ஆழம் எட்டரை செ.மீ.; அதே நிறுவனத்தின் எல்-5 கிட்டாருக்கு உடல் அகலமே 17 அங்குலம். சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கு வலது தோள் தூக்கிக்கொள்ளும், இடது கை முன்னால் நீண்டு எட்ட வேண்டியிருக்கும். அந்தச் சிரமத்தைக் கழுத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். தோள் தூக்குகிறது என்றால் மெல்லிய உடல் கொண்ட கிட்டாரைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நான்கு அளவுகள்

முதலாவது தந்தி நீளம். நட் என்னும் மேல்விளிம்புத் துண்டிலிருந்து, உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் வரை தந்தி அதிரும் தூரம் அது. ஃபெண்டர் மரபில் 25.5 அங்குலம், அதாவது 648 மி.மீ. கிப்சன் மரபில் பெரும்பாலும் 24.75 அங்குலம், அதாவது 628 மி.மீ. கழுத்தின் முகப்பில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃபிரெட்டுகள். அவற்றுக்கு இடையிலான தூரம் இந்த நீளத்தின் விகிதத்திலேயே அமைவதால், நீளம் குறைந்தால் ஒவ்வொரு இடைவெளியும் குறையும். முதல் ஃபிரெட்டிலிருந்து ஐந்தாம் ஃபிரெட் வரை கணக்கிட்டால் 648-இல் 126 மி.மீ., 628-இல் 122 மி.மீ. வெறும் நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சுண்டுவிரலை அதன் எல்லைவரை நீட்டிப் பிடித்துப் பார்த்தவருக்கு அந்த நான்கு மில்லிமீட்டரின் அருமை தெரியும். நீளம் குறைந்தால் அதே சுருதிக்கு அதே தந்தியின் இழுவிசையும் குறைகிறது, அழுத்துவது எளிதாகிறது.

இந்தத் தேவைக்காகவே பிறந்த கிட்டார் ஒன்று உண்டு. 1955-இல் கிப்சன் நிறுவனம் பில்லி பைர்ட், ஹேங்க் கார்லண்ட் என்ற இரு நாஷ்வில் கலைஞர்களோடு சேர்ந்து பைர்ட்லேண்ட் என்ற மாடலைக் கொண்டுவந்தது. இருவர் பெயரையும் இணைத்து வைத்த பெயர் அது. தந்தி நீளம் 23.5 அங்குலம் மட்டுமே, உடலும் மெலிந்தது. அகலமான கார்டுகளுக்கு விரல் எட்ட வேண்டும் என்பதே நோக்கம். அதே ஐந்து ஃபிரெட் தூரம் இதில் 116 மி.மீ.

சிறிய கை என்றால் குட்டை நீளம்தான் வேண்டும் என்று இதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-இல் அவர் வாழ்ந்த வண்டியில் பற்றிய தீயில் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் சேதமடைந்தன. தனி வாசிப்பில் அவர் நம்பியது பெரும்பாலும் மீதி இரண்டு விரல்களையே. அவர் பிற்காலத்தில் வாசித்த செல்மர் கிட்டாரின் தந்தி நீளம் 670 மி.மீ., ஃபெண்டரைவிட நீளம். விரல் எட்டாத இடத்துக்கு அவர் கையையே நகர்த்தினார். நீளம் ஒரு வசதி, கட்டாயம் அல்ல.

இரண்டாவது நட்டின் அகலம். தற்கால ஃபெண்டர்களில் சுமார் 42 மி.மீ., கிப்சன் வகைகளிலும் ஐபனேஸ் ஆர்ட்கோர் ஆர்ச்டாப்களிலும் 43 மி.மீ., ஈஸ்ட்மன் தயாரிக்கும் ஆர்ச்டாப்கள் சிலவற்றில் 44 மி.மீ. நைலான் தந்தி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் 52 மி.மீ. வரை போகும். விரல்நுனி பருத்தவர்களுக்கு 42-இல் பக்கத்துத் தந்தி தொட்டு ஊமையாகிவிடும். மெலிந்த விரல் உள்ளவர்களுக்கு 44-இல் தூரம் கூடியதாகத் தோன்றும். பள்ளி ஆய்வகத்தில் பிடித்த வெர்னியர் அளவுகோல் ஒன்று கையில் இருந்தால் கடைக்கு எடுத்துப் போங்கள். தாளில் அச்சிட்டிருப்பதற்கும் கையிலிருக்கும் கிட்டாருக்கும் சில நேரம் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும்.

மூன்றாவது பருமனும் பின்புற வடிவமும். என் அனுபவத்தில் கை வலியைத் தீர்மானிப்பது இதுதான். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். முதல் ஃபிரெட்டில் 20 மி.மீ. அளவில் இருந்தால் மெலிந்தது, 22 நடுத்தரம், 24-ஐத் தாண்டினால் தடித்தது என்று தோராயமாகக் கொள்ளலாம். வடிவத்தை ஆங்கில எழுத்துகளால் குறிப்பார்கள். சி வடிவம் சீராக உருண்டது. டி வடிவம் நடுவில் தட்டையானது. கட்டைவிரல் பின்புறத்தின் மையத்திலேயே நிற்பவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். யு வடிவம் தோள்கள் நிறைந்தது. வி வடிவத்தின் நடுவில் ஒரு முகடு ஓடும். கட்டைவிரலை மேல்விளிம்புக்கு மேல் மடக்கிப் பிடிப்பவர்கள் அதை விரும்புவார்கள். ஒரே 22 மி.மீ. கழுத்து, தோள் சீவப்பட்டிருந்தால் மெலிந்ததாகவும் தோள் நிறைந்திருந்தால் கட்டையாகவும் கைக்குத் தோன்றும். எண்ணை மட்டும் நம்பி இணையத்தில் வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

நான்காவது விரற்பலகையின் வளைவு. பழைய ஃபெண்டர்களில் 7.25 அங்குல ஆரம், புதியவற்றில் பெரும்பாலும் 9.5, கிப்சனில் 12. எண் சிறிதானால் வளைவு அதிகம். ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் கார்டுகளுக்கு அது இதம். எண் பெரிதானால் தட்டை. ஜாஸில் தந்தியை வளைத்து இழுப்பது குறைவு என்பதால் இதற்காக அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. ஃபிரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்த விரற்பலகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சக்தி குழுவில் விநாயக்ராமின் கடத்தோடு சேர்ந்து வாசித்த கிட்டார் கலைஞர் ஜான் மக்லாஃப்லின், கமகம் பிடிப்பதற்காக அப்படி ஒன்றைச் செய்து வாங்கினார். அந்த இசைக்கு அது அவசியம். புதியவர்கள் அதில் கார்டு பிடித்தால் அழுத்தம் கூடும்போதெல்லாம் சுருதி ஏறிவிடும்.

கடையில் இருபது நிமிடம்

நின்றுகொண்டு இரண்டு ராக் துணுக்குகளை வாசித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். உட்காருங்கள். ஆம்ப்ளிஃபயரை இணைக்காமலேயே தொடங்குங்கள். ஒலி இனித்தால் கையின் முறையீடு காதில் விழாது.

ஜாஸின் அன்றாடச் சோறு போன்ற மூன்று கார்டுகள் இவை. டி மைனர் செவன்: ஐந்தாம் தந்தியில் ஐந்தாம் ஃபிரெட், நான்காம் தந்தியில் மூன்று, மூன்றாம் தந்தியில் ஐந்து. ஜி செவன்: தடித்த ஆறாம் தந்தியில் மூன்று, நான்காம் தந்தியில் மூன்று, மூன்றாம் தந்தியில் நான்கு. சி மேஜர் செவன்: ஐந்தாம் தந்தியில் மூன்று, நான்காம் தந்தியில் இரண்டு, மூன்றாம் தந்தியில் நான்கு. மற்ற தந்திகள் ஒலிக்க வேண்டாம். இந்த மூன்றையும் மெதுவான தாளத்தில் பாருக்கு ஒன்றாகப் பத்து நிமிடம் நிறுத்தாமல் சுற்றுங்கள். ஆறாம் நிமிடத்தில் கட்டைவிரல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். மெத்தென்று ஒட்டிக்கொண்டு நிற்கிறதா, நகம் வெளுக்க அழுத்துகிறதா? வெளுத்தால் கழுத்து உங்களுக்கு மெலிந்ததாக இருக்கலாம், அல்லது தந்திகள் உயரமாக இருக்கலாம். இரண்டில் எது என்பதைப் பிரித்தறியும் வழி அடுத்த பகுதியில் இருக்கிறது.

பிறகு நட்டுக்கு அருகே போங்கள். ஆறாம் தந்தியில் முதல் ஃபிரெட், நான்காம், மூன்றாம் தந்திகளில் இரண்டாம் ஃபிரெட், இரண்டாம் தந்தியில் முதல் ஃபிரெட். இது எஃப் மேஜர் செவன். ஆள்காட்டி விரலின் நுனி ஐந்தாம் தந்தியை லேசாகத் தொட்டு அடக்க வேண்டும். நட்டின் அகலம் உங்கள் விரலுக்குப் போதுமா என்பது இந்த ஒரே கார்டில் தெரிந்துவிடும்.

அடுத்து, ஜாஸ் கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரியின் அடையாளமாகிப்போன ஆக்டேவ்கள், அதாவது ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து ஒலிப்பது. ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃபிரெட்டையும் நான்காம் தந்தியில் ஐந்தாம் ஃபிரெட்டையும் சேர்த்துப் பிடித்து, வலது கட்டைவிரலால் மீட்டியபடி, பிடியைக் கலைக்காமல் பத்தாம் ஃபிரெட் வரை வழுக்கிச் சென்று திரும்புங்கள். கழுத்தின் பின்புறப் பூச்சு கையைப் பிடித்து இழுக்கிறதா என்பது இந்த வழுக்கலில் தெரியும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் பளபளப்பான தடித்த பூச்சு வியர்த்த கையில் ஒட்டும். குளிரூட்டிய கடையில் அது தெரியாது. உள்ளங்கை சற்று வியர்த்த பிறகு மீண்டும் ஒருமுறை வழுக்கிப் பாருங்கள். பளபளப்பில்லாத சாட்டின் பூச்சு இந்த வகையில் நல்லது. பிடித்துப்போன கிட்டாரில் பளபளப்பு மட்டுமே குறை என்றால், பின்னால் 2000 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து மங்கவைக்கலாம். வாங்குவதைத் தடுக்கும் குறை அல்ல அது.

கழுத்தின் இரு விளிம்புகளிலும் விரலை ஓட்டி ஃபிரெட் முனைகள் குத்துகின்றனவா என்றும் பாருங்கள். கடைசியாக, உடலை ஒட்டிய மேல் ஃபிரெட்டுகளுக்குக் கை எட்டுகிறதா என்று பாருங்கள். இ.எஸ்.-175-இல் கழுத்து உடலோடு 14-ஆம் ஃபிரெட்டில் சேர்கிறது, ஃபெண்டரின் டெலிகாஸ்டரில் 16-இல், 1958-இல் வந்த இ.எஸ்.-335-இல் 19-இல். கார்டு வாசிப்பே முதன்மை என்றால் 14 போதும்.

எது கிட்டாரின் குறை, எது சீரமைப்பின் குறை?

ஒரு கிட்டாரை விற்றுவிடலாம் என்று முடிவுசெய்து பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். முதல் ஃபிரெட்டுகளில் விரல் எரிகிறது என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. தடித்த தந்தியை மூன்றாம் ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்தார். முதல் ஃபிரெட்டுக்கு நேர்மேலே அந்தத் தந்தியை நகத்தால் தட்டினார். தந்தி வெளிப்படையாகவே கீழே இறங்கி ஃபிரெட்டில் பட்டது. “இங்கே ஒரு தாள் போகிற இடம்தான் இருக்கணும். இதில் அட்டையே போகும்” என்றார். சிறு அரத்தால் நட்டின் பள்ளங்களை ஒவ்வொன்றாக அறுத்து, நான்கு முறை தேய்த்தால் ஒருமுறை தந்தியைப் போட்டுச் சோதித்து, அரை மணி நேரத்தில் கொடுத்தார். எஃப் மேஜர் செவன் பாதி அழுத்தத்தில் விழுந்தது. கழுத்து அதே கழுத்துதான்.

அந்தச் சோதனையை நீங்களும் கடையிலேயே செய்யலாம். அடுத்து, தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்திக்கொண்டு ஏழாம், எட்டாம் ஃபிரெட் மேலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது கால் மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. அதிகம் என்றால் கழுத்து முன்னோக்கி வளைந்திருக்கிறது. உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முறுக்கி நிமிர்த்தலாம். ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பக் கூடாது. பிறகு பன்னிரண்டாம் ஃபிரெட்டில் அளவுகோலை வைத்துத் தந்தியின் உயரத்தைப் பாருங்கள்: தடித்த தந்திக்கு 2 மி.மீ., மெல்லிய தந்திக்கு 1.5 மி.மீ. பக்கத்தில் இருந்தால் வாசிக்க இதமாக இருக்கும்.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் கை வலித்தால் அந்தக் கழுத்து உங்களுக்கானது அல்ல. மூன்றில் ஒன்று தவறியிருந்து வலித்தால், அதைச் சரிசெய்து வாசித்த பிறகே முடிவெடுங்கள். நல்ல கடை என்றால் வாங்குமுன் செய்து தருவார்கள்.

தந்தியும் இந்தக் கணக்கில் உண்டு. புதிய மின்கிட்டார்களில் பெரும்பாலும் மெல்லிய தந்திகளே வரும். மூன்றாம் தந்தி சுற்றில்லாத வெறும் கம்பியாக இருக்கும். ஜாஸ் வாசிப்பவர்கள் பலர் 11 அல்லது 12-இல் தொடங்கும் ஃபிளாட்வவுண்ட் தந்திகளைப் போடுகிறார்கள். இந்த எண், மிக மெல்லிய தந்தியின் தடிமனை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வது. நாடாபோல் தட்டையான சுற்று உள்ளவை. வழுக்கும்போது கீச்சிடாது, மூன்றாம் தந்தியும் சுற்றுடன் வருவதால் கார்டில் அதன் சுருதி கட்டுக்குள் நிற்கும். ஆனால் இழுவிசை கூடும், கழுத்து முன்னால் வளையும், நட்டின் பள்ளங்களும் போதாமல் போகலாம். தந்தி வகையை மாற்றுகிற அன்றே சீரமைப்பையும் செய்துவிட வேண்டும். தொடங்குகிறவர்கள் 11-ஐப் போட்டால் போதும். 12-க்குப் போகத்தான் வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

ஜாஸ் கிட்டார் என்றதும் நினைவுக்கு வரும் உருவம் 1949-இல் வந்த இ.எஸ்.-175. ஜோ பாஸ், ஜிம் ஹால் போன்றவர்களின் கையில் ஒலித்தது. அதன் விலை புதியவர்களுக்கு எட்டாது. அதே 628 மி.மீ. நீளமும் 43 மி.மீ. நட்டும் ஐபனேஸ் ஆர்ட்கோர் வரிசையில் கிடைக்கின்றன. முழுக்கூடான ஏ.எஃப்.-75-ஐயும், நடுவில் மரக்கட்டை பொருத்திய மெல்லிய ஏ.எஸ்.-73-ஐயும் அடுத்தடுத்து மடியில் வைத்துப் பாருங்கள். உடல் பருமன் கழுத்தின் சுகத்தை எப்படி மாற்றுகிறது என்பது அங்கேயே புரியும். ஆர்ச்டாப்களில் பிரிட்ஜ் ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்தில் மட்டுமே நிற்பது உண்டு. அப்படிப்பட்டதில் தந்தி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

உள்ளே கூடில்லாமல் முழு மரக்கட்டையான டெலிகாஸ்டரை ஜாஸுக்கு ஆகாது என்று ஒதுக்க வேண்டாம். கனடாவின் எட் பிக்கர்ட் தன் நுணுக்கமான கார்டு வாசிப்பை டெலிகாஸ்டரில்தான் செய்தார். பில் ஃப்ரிசெலும் அதை நெடுங்காலம் வாசித்திருக்கிறார். கழுத்தோரப் பிக்கப்பைத் தேர்ந்து டோன் குமிழைக் குறைத்தால் உருண்டையான ஒலி வருகிறது. இதன் கழுத்து திருகாணியால் பொருத்தப்பட்டது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன விதிக்கு இது ஒன்றுதான் விலக்கு: கழுத்து பிடிக்காவிட்டால் அதைக் கழற்றிவிட்டு வேறு பருமனுள்ளதைப் பொருத்திக்கொள்ள முடியும். பணம் குறைவாக உள்ள புதியவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பழையது வாங்குகிறீர்கள் என்றால் கூடுதலாக இரண்டு. ட்ரஸ் ராட் இரு பக்கமும் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முழுதும் முறுக்கியாகிவிட்டது என்றால் அந்தக் கழுத்தை நிமிர்த்த இனி வழியில்லை. தலைப்பகுதி பின்னால் சாய்ந்த கிப்சன் வகைகளில் நட்டுக்குப் பின்புறம் உடைந்து ஒட்டிய தடம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நன்றாக ஒட்டியது தாங்கும். விலையில் மட்டும் அது தெரிய வேண்டும்.

இரண்டு கிட்டார்களுக்கு இடையில் மனம் ஊசலாடினால் இரண்டையும் அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலையில், கை ஓய்ந்திருக்கும் நேரத்தில், அதே மூன்று கார்டுகளை இரண்டிலும் பத்துப் பத்து நிமிடம் சுற்றுங்கள். முதல் நாள் எதை முதலில் எடுத்தீர்களோ அதை இம்முறை இரண்டாவதாக எடுங்கள்.